வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைக்கலாமா?

கடைகளில் ‘குயில்ட்’ என்று விற்கப்படும் ஒட்டுத்துணிப் போர்வையை வீட்டிலேயே தைக்கத் தொடங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஊசியைப் பற்றியதோ நூலைப் பற்றியதோ அன்று. கடையிலிருந்து வந்த புதுத் துணியை அப்படியே வெட்டலாமா, அல்லது ஒரு முறை நனைத்து, அலசி, உலர்த்தித் தேய்த்த பின்னரே கத்தரியை எடுக்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. நனைக்க வேண்டும் என்போரிலும் வேண்டியதில்லை என்போரிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கின்றனர். எனவே உலகம் முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடையைச் சொல்வது எளிதன்று. ஆனால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, இவ்வட்டாரத்தில் நெய்யப்படும் துணியை வாங்கி, இங்குள்ள ஈரக் காற்றிலேயே அப்போர்வையைப் பாதுகாக்கப் போகிறவருக்கு நாம் தயங்காமல் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு: நனைத்த பின்னரே வெட்டுவது நல்லது. அதற்கான காரணங்களையும், எங்கெங்கே விலக்கு உண்டு என்பதையும் இங்கே பார்ப்போம்.

நம் நாட்டில் போர்வை தைத்த முன்னோர்க்கு இக்கேள்வியே எழுந்திருக்காது. வங்காளத்தின் காந்தா, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி நெருக்கமாகத் தையலோட்டிச் செய்யப்படுவது. வடகர்நாடகக் காட்டோரங்களில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தியும் உடுத்திக் கழித்த துணிகளால் ஆனதே. ‘காந்தா’ என்னும் சொல்லும் நம் ‘கந்தை’யும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. கந்தையாகும் வரை உழைத்த துணி எத்தனையோ முறை குளத்திலும் கல்லிலும் அடிபட்டிருக்கும். சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, விட வேண்டிய சாயத்தையெல்லாம் விட்டு, கஞ்சியின் சுவடே இல்லாமல் மென்மையாகியிருக்கும். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழி போர்வை தைப்போருக்காகச் சொல்லப்பட்டதன்று. ஆயினும் அவர்களுக்கும் அது பொருந்தவே செய்கிறது. போர்வைக்கென்றே புதுத் துணி வாங்கும் வழக்கம் வந்த பிறகுதான் முன்கூட்டி அலசும் வேலை தனியொரு வேலையாயிற்று. பழந்துணிக்குக் காலம் செய்து கொடுத்ததை, புதுத் துணிக்கு நாம் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

பாலராமபுரத்துத் துணி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். அம்மன்னர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழகத்திலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டன. அரச குடும்பத்தாருக்கான மென்துணிகளை நெய்வது அவர்களுடைய பணி. இன்று பாலராமபுரத்துச் சேலைகளும் மென்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றவை. ஓணத்துக்கு முன்பான வாரங்களில் தலைநகரின் கடைகளில் குவியும் கசவு முண்டுகளிலும் செட்டு முண்டுகளிலும் இவ்வூர்த் தறிகளின் பங்கு கணிசமானது.

போர்வை தைப்பவர்களை இத்துணி ஈர்ப்பதில் வியப்பில்லை. வெளுக்கப்படாத பருத்தியின் பாலேட்டு நிறம் எந்த வண்ணத்தோடும் இசைந்து நிற்கும். ஆனால் அதே கோராத் துணிதான் முன்னலசலை மிகுதியாக வேண்டுவதும். காரணத்தைத் தறியிலேயே காணலாம். பாவு நூல் தறியேறுமுன் அதற்குக் கஞ்சி ஊட்டுகிறார்கள். விடியற்பொழுதில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சியைப் பூசி, இழைகள் ஒட்டிக்கொள்ளாதபடி தூரிகையால் வாரி உலரவிடும் காட்சி நெசவாளர் தெருக்களுக்கே உரியது. நாடா ஓடும்போது இழை அறுந்துவிடாமல் காப்பது இக்கஞ்சிதான். பிறகு குழித்தறியில் அப்பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே நெசவு நடைபெறுகிறது. தறியிலிருந்து இறங்கிய துணியில் அந்த இழுவிசையும் கஞ்சியும் அப்படியே தங்கியிருக்கின்றன.

இத்துணி முதன்முறை நீரில் நனையும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. விறைப்பாக இழுக்கப்பட்டிருந்த இழை தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. அதோடு பருத்தி இழை நீரை உறிஞ்சிப் பருக்கிறது. ஊடை பருத்துவிட்டால், அதன் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் பாவு கூடுதல் தொலைவைச் சுற்றிச் செல்ல வேண்டும். பாவின் நீளம் கூடாது என்பதால் துணியின் நீளம் குறைகிறது. பருத்தித் துணி அகலத்தில் சிறிதும் நீளத்தில் பெரிதுமாகச் சுருங்குவது பெரும்பாலும் இதனால்தான். தோர்த்து என்று மலையாளத்திலும் துவர்த்து என்று குமரி மாவட்டத்திலும் வழங்கும் மெல்லிய துண்டைப் போன்ற இடைவெளி மிகுந்த நெசவுகளில் இழை நகர இடம் அதிகம். அவை இன்னும் கூடுதலாகச் சுருங்கக்கூடும்.

ஆலைத் துணியின் நிலை வேறு. சான்ஃபோர்டு கிளூயட் என்னும் அமெரிக்கர் 1930இல் காப்புரிமை பெற்ற முறையொன்றின்படி, துணியை ஆலையிலேயே ஈரமும் வெப்பமும் ஊட்டி, நீளவாக்கில் நெருக்கிச் சுருக்கிவிடுகிறார்கள். அவருடைய பெயரிலிருந்தே ‘சான்ஃபரைஸ்டு’ என்ற முத்திரை வந்தது. அவ்வாறு பதப்படுத்தப்பட்ட பாப்ளின் துணி வீட்டில் அலசும்போது மிகச் சிறிதளவே சுருங்கும்.

சிக்கல் பிறப்பது இவ்விரண்டும் ஒரே போர்வையில் சேரும்போதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள 10 சதுரங்களால் ஆன கோரா வரிசை 150 சென்டிமீட்டர் நீளம். அதன் அருகே அதே அளவில் பாப்ளின் வரிசை. முதல் அலசலில் கோரா 6 விழுக்காடும் பாப்ளின் 1 விழுக்காடும் சுருங்குவதாகக் கொண்டால், கோரா வரிசை 141 சென்டிமீட்டருக்கும் பாப்ளின் வரிசை 148.5 சென்டிமீட்டருக்கும் வந்து நிற்கும். இரண்டையும் தையல் பிணைத்து வைத்திருக்கிறது. மிஞ்சிய ஏழரைச் சென்டிமீட்டர் எங்கே போகும்? பாப்ளின் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் அது படியாது. முன்னரே இரண்டையும் தனித்தனியே அலசியிருந்தால் அந்த வேறுபாடு கத்தரி படுவதற்கு முன்பே தீர்ந்திருக்கும்.

நாம் வாங்கிய துணி எவ்வளவு சுருங்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. துணியின் மேல் பென்சிலால் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து, அலசி உலர்த்தித் தேய்த்தபின் அளந்தால் போதும். நீளவாக்கில் 47 ஆகியிருந்தால் சுருக்கம் 6 விழுக்காடு. 200 சென்டிமீட்டர் அடித்துணி தேவைப்படுபவர் அப்போது ஏறக்குறைய 213 சென்டிமீட்டர் வாங்க வேண்டும். கடையில் கேட்கும்போதே இதைச் சேர்த்துக் கேட்பது நலம். பிறகு அதே நெசவில் அரை மீட்டர் தேடி அலைவது வீண் அலைச்சல்.

சாயம் என்னும் பெருஞ்செலவு

சுருக்கத்தால் வரும் குறையையாவது ‘பழமை அழகு’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். கோராவின் மீது கசிந்த சிவப்புக்கு அத்தகைய ஆறுதல் இல்லை. பல மாத மாலைப் பொழுதுகளைக் கொட்டித் தைத்த போர்வை முதல் அலசலிலேயே இளஞ்சிவப்புத் திட்டுகளோடு வெளிவந்தால், துணிக்குக் கொடுத்த பணம் அந்த இழப்பில் ஒரு சிறு பகுதியே.

சாயக்கசிவு பற்றிப் புகழ்பெற்ற கதையொன்று நம் தென்னகத்துக்கே உரியது. கண்ணூரில் பிறந்தவரும் பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவியவருமான கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், இயற்கைச் சாயமிட்ட சென்னைக் கட்டத் துணியை 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் தனியே அலச வேண்டும் என்று அவர் அறிவுறுத்தியதாகவும், அந்த எச்சரிக்கை நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றும் சொல்வார்கள். சட்டைகள் சலவை இயந்திரத்துக்குள் சென்றன; வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்தன; புகார்கள் குவிந்தன. பின்னர் விளம்பரக்காரர்கள் அக்குறையையே சிறப்பாக்கி, சாயம் விடுவதற்கு உத்தரவாதம் அளிக்கும் துணி என்று விற்றுவிட்டனர். ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சட்டைக்கு அது பொருந்தியது. ஒவ்வொரு சலவையிலும் புதுச் சட்டை கிடைத்ததாக மகிழ்ந்தவர்கள் உண்டாம். பாலேட்டு நிறத்தின் பக்கத்தில் தைக்கப்பட்ட சிவப்புச் சதுரத்துக்கு எந்த விளம்பரக்காரராலும் உதவ இயலாது.

சாயங்களில் வகைகள் உண்டு. 1956 முதல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு வேதிப் பிணைப்புக் கொள்பவை. அவை எளிதில் வெளியேறுவதில்லை. ஆனால் பிணையாமல் எஞ்சிய சாயத்தைச் சாயப்பட்டறையில் நன்கு அலசி நீக்காவிட்டால், அந்த எச்சம் நம் வாளியில் வந்து இறங்கும். டைரக்ட் சாயங்களுக்கு அத்தகைய பிணைப்பே இல்லை. ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருக்கும். வாங்கும்போது எது எந்த வகை என்று நமக்குத் தெரியப் போவதில்லை. அடர்சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு ஆகிய நான்கின் மீதும் ஐயம் கொள்வது போதுமானது. மதுரைச் சுங்குடி போன்ற அடர்வண்ணத் துணிகளையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீடுகளில் வழிவழியாக வரும் மருந்து, துணியை உப்பு நீரில் ஊறவைப்பது. சிலர் வினிகரையும் சேர்ப்பார்கள். சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு என்பது உண்மை. சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளுவது அதுவே. ஆகவே உப்பு நீரில் சாயம் குறைவாக விடுவதுபோல் தோன்றும். அடுத்த முறை வெறும் நீரில் நனைக்கும்போது, தங்கிய சாயம் மீண்டும் கிளம்பும். வினிகரின் அமிலம் பட்டுக்கும் கம்பளிக்கும் உரிய சில சாயங்களுக்குத் தேவையானது. பருத்திச் சாயத்தை அது நிலைநிறுத்தாது. மிகுதிச் சாயத்தை வெளியேற்றுவதே சரியான வழி. உள்ளே அடைத்து வைப்பது அன்று.

சோதனை எளிது. துணியின் ஓரத்திலிருந்து கையகலத் துண்டை வெட்டி, வெள்ளைக் கிண்ணத்தில் சோப்புக் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நீர் நிறம் மாறினால் பாதி விடை கிடைத்துவிட்டது. அந்த ஈரத் துண்டைக் கோராத் துணித் துண்டின் மேல் வைத்து அப்படியே உலரவிட்டால் மறுபாதியும் கிடைக்கும். நீர் சிறிது நிறம் மாறினாலும் கோராவில் கறை படியாவிட்டால் அச்சமில்லை. மூன்று நான்கு முறை வெந்நீரில் அலசிய பிறகும் கறை படிந்தால், அத்துணியை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுவதே நம் பரிந்துரை. கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும் சரி.

ஈரக் காற்றும் கஞ்சியும்

முன்னலசல் வேண்டாம் என்போர் பலர் வறண்ட, குளிர்ந்த நாடுகளில் இருந்து பேசுகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. அது ஓய்ந்த சில வாரங்களில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடர்கிறது. கடலும் அருகில். இங்கே அலமாரியில் மடித்து வைத்த கஞ்சித் துணி பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நாம் வைத்த விருந்து. மாவுப்பொருள்தான் இரண்டுக்கும் உணவு. போர்வையோ மூன்று அடுக்குகள் கொண்டது. நடுவில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சு. கஞ்சியோடு தைத்து, ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பயன்படுத்தி, மீதி நாள்களில் மூடிவைக்கும் போர்வையில் கரும்புள்ளிகள் விழுந்தால் அவற்றை நீக்குவது பெரும்பாடு. சுருக்கமும் சாயமும் ஒருபுறம் இருக்க, நம் ஊருக்கென்று தனியே சொல்லத்தக்க காரணம் இதுவே என்று கருதுகிறோம்.

குழந்தைக்கான போர்வையானால் கேள்விக்கே இடமில்லை. ஆலைத் துணியில் சுருக்கம் விழாமல் இருக்கப் பூசிய பொருள்களும், தறியிலும் கடையிலும் படிந்த தூசும் பிஞ்சுத் தோலுக்கு ஆகாதவை.

விலக்குகள்

சில இடங்களில் நனைக்காமல் விடுவதே முறை. சுவரில் தொங்கவிடும் அலங்காரத் துண்டு ஒருபோதும் நீரைக் காணப் போவதில்லை. அதற்கு விறைப்பே அழகு. அளவாக வெட்டிக் கட்டுகளாக விற்கப்படும் சிறு சதுரங்களை நனைத்தால் ஓரம் பிரிந்து அளவு கெடும். மேல்துணி, அடித்துணி, நடுவிலுள்ள பருத்தி அடுக்கு யாவும் ஏறத்தாழ ஒரே அளவில் சுருங்குபவை, சாயமும் விடாதவை என்று சோதித்தறிந்தவர், தைத்து முடித்தபின் ஒருசேர நனைக்கலாம். தையல்களுக்கு இடையே மெல்லிய சுருக்கங்கள் எழுந்து, பல ஆண்டுகள் புழங்கியது போன்ற தோற்றம் வரும். அதை விரும்பியே அவ்வாறு செய்பவர்கள் உளர்.

இலவம் பஞ்சு அடைக்கும் வழக்கம் நம்மவரிடையே பழையது. இலவம் பஞ்சு நனைந்தால் திரண்டு கட்டியாகும். அப்போர்வையை முழுதாக நனைக்கவே இயலாது. அதற்குக் கழற்றி மாட்டும் உறை தைத்து, உறைத்துணியை மட்டும் முன்னலசினால் போதும்.

கசவு தனிக் கவனம் கேட்பது. சரிகை இழை பருத்தியின் அளவுக்குச் சுருங்குவதில்லை. எனவே கரையோரம் அலை அலையாக நெளியும். நனைக்க வேண்டுமானால் குளிர்ந்த நீரில், முறுக்காமல், தேய்க்காமல் ஒருமுறை அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். கசவுக் கரையை முண்டிலிருந்து பிரித்தெடுத்துத் தனிப் பட்டையாகத் தைப்பது இன்னும் பாதுகாப்பானது.

அலசும் முறை

ஒரு விதி எல்லாவற்றுக்கும் அடிப்படை: முடித்த போர்வையை எவ்வாறு துவைக்கப் போகிறோமோ, அவ்வாறே துணியையும் முன்கூட்டி அலச வேண்டும். இயந்திரத்தில் வெந்நீரில் துவைக்கப் போகிறவர் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்துவிட்டு நிம்மதி அடைவதில் பயனில்லை.

கோராத் துணியைச் சோப்பின்றி நீரில் ஓர் இரவு ஊறவிட்டால் கஞ்சி இளகிவிடும். காலையில் சற்றுப் புளித்த வாடை வரும். கஞ்சி சிதைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்கு மேல் ஊறவிட வேண்டாம். பிறகு மென்மையான சோப்பில் அலசி, நீர் தெளியும்வரை மாற்ற வேண்டும். வெளுப்பான் தேவையில்லை, அது கோராவின் இயல்பான நிறத்தையே கெடுத்துவிடும். கிணற்று நீரில் இரும்பு மிகுந்திருந்தால் மஞ்சள் கறை ஏறும். அத்தகைய வீடுகளில் குழாய் நீரையோ மழைநீரையோ பயன்படுத்தலாம். வெட்டிய ஓரங்கள் பிரிந்து நூற்கற்றையாகச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, நான்கு மூலைகளையும் சிறு முக்கோணமாக வெட்டிவிடுவது அல்லது ஓரத்தில் நெருக்கமற்ற தையல் ஓட்டிவிடுவது உதவும். வண்ணத் துணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நனைய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

உலர்த்துவதுதான் இங்கே கடினம். இடவப்பாதியின் அடைமழையில் இரண்டு நாள் கொடியில் தொங்கிய ஈரத்துணி அலசிய பயனையே கெடுத்துவிடும். ஆகவே ஒரு போர்வைக்குரிய துணி அனைத்தையும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வெயில் நாள்களில் அலசி முடித்து வைத்துக்கொண்டு, தையலை மழைக்காலத்துக்கு ஒதுக்குவது இவ்வூர்க் காலநிலைக்கு ஏற்ற ஏற்பாடு. சிறிது ஈரம் இருக்கும்போதே பாவு வாக்கில், இழுக்காமல், பெட்டியை வைத்து வைத்து எடுத்துத் தேய்க்க வேண்டும். அலசிய துணி துவண்டு, வெட்டும்போது நழுவுகிறது என்பது முன்னலசலை எதிர்ப்போரின் நியாயமான குறை. அதற்கு, வெட்டுவதற்கு முன்னாள் மெல்லிய கஞ்சி போட்டுத் தேய்த்தால் போதும். தைத்து முடித்த உடனே ஒருமுறை அலசி அக்கஞ்சியை நீக்கிவிட வேண்டும்.

விற்பனைக்காகத் தைப்பவர்களுக்கு ஒரு சொல். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கம் கேரளத்தில் எத்தனையோ பெண்களைத் தையல் தொழிலுக்கு அழைத்து வந்திருக்கிறது. முத்ரா திட்டத்தின் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை கடன் பெற்று ஓர் இயந்திரத்தோடு தொடங்குவோரும் உண்டு. அவர்களுடைய விலைக் கணக்கில் துணி, நூல், பஞ்சு, கூலி ஆகியவை இருக்கும். சுருக்கத்தால் குறையும் துணியும் அலசித் தேய்க்கும் அரைநாள் உழைப்பும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். கோரா மீட்டருக்கு 6 விழுக்காடு சுருங்கினால், 100 ரூபாய்க்கு வாங்கிய மீட்டர் உண்மையில் 106 ரூபாய்க்குச் சற்று மேல் அடங்குகிறது. கடன் தவணை செலுத்துவோர்க்கு இந்த ஆறு ரூபாய் சிறிதன்று. மேலும், முன்னலசிய துணியால் தைத்தது என்ற குறிப்பையும் துவைக்கும் முறையையும் போர்வையின் மூலையில் சிறு பட்டையில் எழுதித் தைத்துவிட்டால், நியூயார்க்குக்குப் போய்ச் சேராத அந்த எச்சரிக்கை நம் வாடிக்கையாளருக்காவது போய்ச் சேரும்.

ஏற்கெனவே நனைக்காமல் வெட்டிப் பாதி தைத்துவிட்டவர் என்ன செய்வது? சதுரங்களைப் பிரித்து நனைக்க முயல வேண்டாம், அவை கோணலாகிவிடும். அப்படியே தைத்து முடிக்கட்டும். அடர்வண்ணத் துணியில் மிஞ்சிய துண்டைக் கொண்டு கிண்ணச் சோதனையைச் செய்துகொள்ளட்டும். சாயம் விடும் என்று தெரிந்தால், முதல் அலசலுக்குச் சிறிய வாளி போதாது. போர்வை தளர மிதக்கும் அளவுக்குப் பெரிய தொட்டியில், நிறைய வெந்நீரும் சோப்பும் விட்டு, நீர் நிறம் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும். சாயம் கோராவில் படிந்துவிட்டாலும் அது ஈரமாக உள்ளவரை பெரும்பாலும் மீட்க இயலும். உலரவிட்டு, அதன் மேல் தேய்ப்புப் பெட்டியையும் வைத்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். எனவே திட்டு முற்றிலும் மறையும்வரை அப்போர்வை தொட்டியிலேயே இருக்கட்டும். இரவாகிவிட்டாலும் கொடிக்குப் போக வேண்டாம்.